ரோஜாப் பாத்தியில் இல்லாத பெயர்

ஆர்டிஸ் டெய்கன் தன் வாழ்நாளில் ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை. மொன்டானாவில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நாலு மைல் இருக்கும். எல்லார் தபால் பெட்டியும் ஒரே தகர நிறம், பாதிப் பெட்டிகளில் எண் அழிந்தே போயிருக்கும். அப்படியும் இருபத்தேழு வருஷமாக, தபால் பெட்டிகளுக்குக் கை எட்டுவதற்காகக் காரின் ஸ்டியரிங் இல்லாத வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து இடக்காலை நீட்டி பிரேக்கை மிதித்தபடி தினம் எண்பது மைல் சுற்றுகிறாள். உறையைப் பார்ப்பாள், பெட்டியைப் பார்ப்பாள், மறுபடி உறையைப் பார்ப்பாள். அதற்குள் நாய் குரைத்து ஓய்ந்துவிடும்.

இப்படிப்பட்டவளுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று வாய்த்தால் அது எப்படி இருக்கும்? மேஜைமேல் மணல் பைகளை அடுக்கி, அதில் துப்பாக்கியைக் கிடத்தி, நூறு கஜம் தள்ளி இருக்கிற காகிதத்தில் ஐந்து குண்டுகளையும் ஒரே ஓட்டை வழியாக அனுப்புவது. அவ்வளவுதான் விளையாட்டு. மானும் கிடையாது, கரடியும் கிடையாது. செத்துப்போவது காகிதம் மட்டும்தான். பேட்ஜர் கிரீக் கிளப்பில் இதற்காகவே நாற்பது பேர் பைத்தியமாகத் திரிகிறோம்.

இதில் கடையில் வாங்கின தோட்டா எடுபடாது. அவரவர் தோட்டாவை அவரவரே நிரப்ப வேண்டும். அதுவும் வீட்டில் நிரப்பி டிபன் மாதிரி கட்டிக்கொண்டு வருவதில்லை. சுட்ட பித்தளைக் கூட்டை அப்போதே துடைத்து, மைதானத்து மேஜையிலேயே வெடிமருந்து போட்டு, குண்டு சொருகி, அடுத்த சுற்றுக்கு உட்காருவார்கள். காலையில் குளிர், மதியம் வெயில் என்றால் மருந்தின் அளவையும் அதற்குத் தகுந்தபடி மாற்றுவார்கள். கூடு சின்னது, வாய் அதைவிடச் சின்னது. கொஞ்சம் மருந்து கூடினாலும் குறைந்தாலும் குண்டுகள் கோழி கிளறின முற்றம் மாதிரி சிதறிவிடும்.

ஆகவே எங்கள் ஊரில் மனிதர்களைக் கட்சி பிரிப்பது அரசியல் அல்ல, மருந்துதான். ஒரு கட்சி குச்சி மருந்துக்காரர்கள். நறுக்கிப் போட்ட சேமியாவை இன்னும் பொடியாக்கினால் எப்படியோ அப்படி இருக்கும் அது. சின்ன வாயில் சில நேரம் அடைத்துக்கொள்ளும், ஆனால் வெயிலுக்கும் குளிருக்கும் அவ்வளவாகக் குணம் மாறாது. இன்னொரு கட்சி மணி மருந்துக்காரர்கள். கேழ்வரகு மாதிரி உருண்டை, கடகடவென்று இறங்கும், ஆனால் வெயில் ஏறினால் அதற்கும் சூடு ஏறும். ஆர்டிஸ் குச்சிக் கட்சியின் தலைவி. மணிக் கட்சியின் தலைவன் ஓரின் டெய்கன், அவள் கணவன் லைலின் அண்ணன், தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரே குடும்பம், ஒரே மேஜையில் சாப்பாடு. வாயை மூடவே மாட்டார்கள்.

ஒரு நல்ல மருந்தைத் தேர்ந்தெடுக்க ஆர்டிஸ் எடுத்துக்கொள்ளும் காலத்தில் ஒரு கன்றுக்குட்டி பசுவாகிவிடும். ஒரு வருஷத்தில் ஏழு டப்பா வாங்கினாள். ஒவ்வொன்றையும் காலைக் குளிரில் சுட்டாள், நடுப்பகலில் சுட்டாள், காற்றில் சுட்டாள், எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில்லி சூப்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே ஓரின் கேட்டான்: "ஏம்மா, லைலைக் கட்டிக்கிறதுக்கு எத்தனை நாள் யோசிச்ச?"

"ஒரு வாரம்."

"மருந்துக்கு ஒரு வருஷமா?"

"அதுல பட்டது போதாதா? இதுலயாவது நிதானமா இருப்போம்னுதான்."

லைல் அதைக் கேட்டுச் சிரித்தபடி இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டான். லைல் துப்பாக்கியைத் தொட மாட்டான். அவனுக்கு ரோஜா. கிளப் கட்டடத்தின் தெற்குச் சுவரை ஒட்டி இருக்கிற ரோஜாப் பாத்தி அவன் பொறுப்பு. எங்கள் காற்றுக்கும் பனிக்கும் ரோஜா வளர்வதே பெரிய விஷயம். அங்கே பூப்பதோ கைமுஷ்டி அளவு. காரணம் எல்லாருக்கும் தெரியும், அந்தப் பாத்திக்குக் கிடைக்கிற உரம் அப்படி.

அந்த உரத்தின் கதையும் ஆர்டிஸோடு சேர்ந்ததுதான். மேஜைமேல் இருக்கும் அளவைக் கருவியில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, மருந்தை அதில்தான் கொட்டுவார்கள். குழாயில் கொட்டின பிறகு அது எந்த டப்பா மருந்து என்று பார்த்துச் சொல்ல கடவுளாலும் முடியாது. இரண்டு குச்சி மருந்துகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஒன்று நிதானமாக எரியும், இன்னொன்று படாரென்று எரியும். நிதான மருந்தின் அளவுக்குப் படார் மருந்தைப் போட்டுச் சுட்டால் துப்பாக்கி உங்கள் கன்னத்துக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். அதனால் மேஜையில் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். குழாயில் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் கேள்வியே கிடையாது, எல்லாம் ரோஜாவுக்கு உரம். மறந்தவர் பெயரும் வருஷமும் ஒரு சின்னப் பலகையில் எழுதப்பட்டு அந்தச் செடியடியில் நடப்படும். கிளப் தொடங்கின 1985லேயே இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் ஆர்டிஸ்தான்.

"எனக்கு ஏறக்குறைய தெரியும் ஆர்டிஸ்" என்று யாராவது இழுத்தால் அவளிடம் ஒரே பதில்தான்.

"ஏறக்குறைய தெரியும்னா தெரியாதுன்னு அர்த்தம். கொட்டு."

பாத்தியில் இருபத்திரண்டு பலகைகள். ஓரினுக்கு மட்டும் நாலு, அதில் இரண்டு ஒரே கோடையில். ஆர்டிஸுக்கு ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருஷமாக ஒன்றும் இல்லை. வசந்தத்தில் புதியவர்களுக்கு அவள் நடத்தும் பாதுகாப்பு வகுப்பை, "என் பேர் அந்தப் பாத்தியில கிடையாது" என்றுதான் தொடங்குவாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை வழியும் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஓரினுக்கோ அந்தப் பாத்தியில் அவள் பெயரைப் பார்க்காமல் சாகக் கூடாது என்பது வைராக்கியம்.

இனி 2011 செப்டம்பர் போட்டிக்கு வருகிறேன். அன்று விடிகாலை புல்லில் பனி உறைந்திருந்தது. ஆர்டிஸிடம் அவளுடைய பழைய குச்சி மருந்தின் கடைசி டப்பா இருந்தது. ஆலையில் ஒரே தடவையாகத் தயாரித்த அந்தத் தொகுதி தீர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, அதே பெயரில் வந்த மற்றவை அவளுக்கு ஒத்துவரவில்லை. அந்தக் கடைசி டப்பாவை வைத்துக்கொண்டு காலைச் சுற்றுகள் நாலையும் அவள் சுட்ட அழகில், ஓட்டையா ஈ உட்கார்ந்த தடமா என்று நடுவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பலகையில் முதலிடம் ஆர்டிஸ், மயிரிழை பின்னால் ஓரின். இத்தனை வருஷத்தில் கோப்பைக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் வந்ததே இல்லை. மீதி ஒரே ஒரு சுற்று.

அங்கேதான் அவளுக்குச் சபலம் வந்தது. வெயில் ஏறிவிட்டது. பழைய மருந்து உச்சி வெயிலில் லேசாகச் சிதறும் என்று அவள் நோட்டுப் புத்தகமே சொன்னது. ஏழு டப்பாவில் தேறின புதுக் குச்சி மருந்து ஒன்று காரில் இருந்தது. வெயிலில் கல் மாதிரி நின்ற மருந்து, ஆனால் பழையதைவிட வேகமாக எரியும். பழையதா, புதியதா? ஒரு வருஷம் யோசித்தவளுக்கு அரை மணி நேரம் போதுமா? புது டப்பாவை எடுத்து வந்து பழைய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு நிமிஷம்தானே என்று வைத்தாள். அவளே எழுதின சட்டத்தை அவளே மீறினாள்.

கடைசியில் புதியதே என்று முடிவு செய்தாள். குழாயில் மிச்சமிருந்த பழைய மருந்தை அதன் டப்பாவில் திருப்பிக் கொட்டத் தொடங்கினாள். சரியாக அப்போது மைதானத்தில் ஒரே கூச்சல்.

"நாலுதானாம்! என் காகிதத்துல நாலு ஓட்டைதானாம்! எனக்கு எண்ணத் தெரியாதாய்யா?" ஓரினின் குரல் மலை வரைக்கும் கேட்டது.

ஐந்து குண்டும் ஒரே ஓட்டை வழியாகப் போனால் ஐந்து சுட்டதற்கு என்ன சாட்சி? அதற்காக இலக்குக்குப் பின்னால் ஒரு நீளக் காகிதம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு குண்டும் அதில் தனித்தனியாகத் தடம் விடும். காலைக் காகிதங்களை மறுபடி சரிபார்த்த நடுவர், ஓரினின் காகிதம் ஒன்றில் நாலு தடம்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். இந்த மாதிரித் தகராறில் எல்லாரும் தேடுவது ஆர்டிஸின் கண்ணைத்தான். மூன்று பேர் சேர்ந்து கூப்பிட்டார்கள். ஏதோ கொட்டி, ஏதோ மூடியைத் திருகிவிட்டு ஓடினாள்.

அவள் ஐந்து நிமிஷம் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் கிழிந்த ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இங்க இருக்கு அஞ்சாவது. ரெண்டு தடம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிச்சு. ஓரின், வாயைக் கொஞ்சம் மூடு, உனக்கு அஞ்சு கொடுத்தாச்சு."

"எதிராளிக்கே நியாயம் சொல்றியே, உன்னை என்ன சொல்றது!"

"தேங்க்ஸ் சொல்லு, போதும்."

சிரித்துக்கொண்டே மேஜைக்குத் திரும்பினாள். அங்கே சிரிப்பு அப்படியே நின்றது.

இரண்டு டப்பா, இரண்டுக்கும் மூடி இறுக்கமாக இருந்தது. குழாயில் பாதி அளவுக்கு மருந்து நின்றது. கொட்டினதும் நினைவிருந்தது, மூடி கிறீச்சென்றதும் நினைவிருந்தது. எந்த டப்பாவில் கொட்டினாள்? பழையதைப் பழையதிலா, அவசரத்தில் பழையதைப் புதியதிலா? இப்போது குழாயில் நிற்பது கொட்டாமல் மிஞ்சின பழையதா, மாற்றி நிரப்பின புதியதா? கண்ணை மூடி யோசித்தாள். ஒவ்வொரு தடவை யோசிக்கும்போதும் கை வேறு வேறு டப்பாவுக்குப் போனது.

பழையதைப் பழையதில்தான் கொட்டியிருப்பாள். கிட்டத்தட்ட நிச்சயம். இருபத்தேழு வருஷம் கடிதம் மாற்றிப் போடாத கை அது. சுற்றிலும் ஒருவரும் பார்க்கவில்லை, எல்லாரும் ஓரினின் காகிதத்தைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். குழாயில் நிற்பதைப் போட்டு ஐந்து தோட்டா நிரப்பினால் கோப்பை கையில். பாத்தியிலும் பெயர் இருக்காது. அவளுக்கு வியர்த்தது. அழுகையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏறக்குறைய தெரியும்" என்று அவள் வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். சொன்னது தன் குரல்தான் என்று தெரிந்ததும் அவளுக்கே கூசிவிட்டது.

குழாயைக் கழற்றினாள். இரண்டு டப்பாவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். எது எதில் கலந்ததோ தெரியாததால் மூன்றும் போக வேண்டியதுதான். கட்டடத்தைச் சுற்றி நடந்து பாத்திக்கு வந்தாள். லைல் உலர்ந்த கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தான்.

"யாரோடது?" என்றான் நிமிராமலே.

"என்னோடது."

கத்தரி நின்றது. லைல் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மண்ணைக் கிளறிக் கொடுத்தான். அவள் முதலில் குழாயைக் கவிழ்த்தாள், அப்புறம் ஒரு டப்பா, அப்புறம் அந்தக் கடைசி டப்பா. அதை மட்டும் அடியைத் தட்டித் தட்டிக் கொட்டினாள்.

"பரப்பிக் கொட்டு, பரப்பிக் கொட்டு!" லைல் பதறினான். "ஒரே செடி தலையில இவ்ளோ கொட்டினா அது என்னத்துக்கு ஆகும்?"

அதற்குள் ஓரின் மூலையில் வந்து நின்றான். டப்பாவைப் பார்த்தான், பாத்தியைப் பார்த்தான், ஆர்டிஸைப் பார்த்தான். அவன் பேச்சு நின்று நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான். திரும்பித் தன் வண்டிக்கு ஓடினான். அறுபத்தாறு வயசில் அப்படி ஓடினான். கருவிப் பெட்டிக்கு அடியில் கையை விட்டு ஒரு பலகையை உருவிக்கொண்டு வந்தான்.

நீல எழுத்தில், ஒழுங்காக, 'ஆர்டிஸ் டெய்கன்' என்று எழுதியிருந்தது. நீலம் வெளுத்துப் போயிருந்தது, ஓரங்களில் எண்ணெய்க் கறை. பெயருக்குக் கீழே '19' என்று எழுதி மீதிக்கு இடம் விட்டிருந்தான். நூற்றாண்டு மாறினதும் அந்த '19' மேல் பெயின்ட் அடித்து '20' என்று திருத்தியிருந்தான்.

"எப்போ எழுதின இதை?" என்றாள் ஆர்டிஸ்.

"தொண்ணூத்தி நாலுல."

"பதினேழு வருஷம் வண்டியில வச்சுகிட்டுச் சுத்துனியா?"

"மூணு வண்டி மாத்தியாச்சு. பலகை மட்டும் மாறல." ஓரினின் கண் கலங்கியிருந்தது. "நம்பிக்கைதான் ஆர்டிஸ். மனுஷன் நம்பிக்கை இல்லாம எப்படி இருக்கிறது?"

அவள் வெடித்துச் சிரித்தாள். கன்னத்தில் கண்ணீர் காயும் முன்பே சிரித்தாள். கூட்டம் முழுக்கப் பாத்தியைச் சூழ்ந்துகொண்டு கைதட்டியது. ஓரின் பையிலிருந்து பேனாவை எடுத்து '11' என்று எழுதிப் பலகையைச் சுத்தியலால் அடித்து இறக்கினான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஓ போட்டார்கள்.

சத்தம் அடங்கும்போது பின்னாலிருந்து ஒருவன் முன்னால் வந்தான். வெண்டல் பிரெக்கி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், கிளப்புக்கு வந்து மூன்று வருஷம். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"எனக்கும் ஒரு பலகை வேணும் மிஸஸ் டெய்கன்."

"உனக்கு என்ன சந்தேகம்? உன் குழாயைக் கொண்டா."

"இன்னிக்கு இல்லைங்க. ஜூன் மாசம். குழாயில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. கொட்டணும்னுதான் எழுந்தேன்." அவன் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். "ஆனா சுட்டுட்டேன். ரெண்டாவது தோட்டாவுல துப்பாக்கியோட பூட்டு இறுகிப்போச்சு. வீட்டுக்குப் போய் சுத்தியலால தட்டித்தான் தெறந்தேன்."

ஆர்டிஸுக்கு முதலில் கோபம் தலைக்கு ஏறியது. "ஏன்டா, கண்ணு போயிருந்தா? ஏன் என்கிட்ட வரல?"

"உங்க பேர் இங்க இல்லீங்களே. வகுப்புல முதல் நாளே அதைத்தானே சொன்னீங்க. உங்க முன்னாடி வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு."

கோபம் அப்படியே வடிந்தது. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. அவள் லைலின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தப்பை யாரும் மறைத்துத் தொலைக்கக் கூடாது என்பதற்காக அவள் கொண்டுவந்த பாத்தி அது. அதில் தன் பெயர் இல்லாததைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவளும் அவள்தான்.

"வேற யாரு?" என்றாள். "நான் திட்ட மாட்டேன். வேற யாரு?"

ஒரு கை எழுந்தது, தயங்கி இன்னொன்று. கடைசியில் ஓரின் தொண்டையைக் கனைத்தான்.

"எனக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு. அஞ்சாவது. நாலுக்கே நீ போட்ட ஆட்டம் தாங்கல, அதான் சொல்லல."

"அடப்பாவி! அஞ்சாவதை இங்கயும் ஒளிச்சு வச்சியா?"

கடைசிச் சுற்றுக்கு அவளிடம் மருந்து இல்லை. ஓரின் தன் மணி மருந்து டப்பாவைக் கொண்டுவந்து அவள் மேஜையில் ணங்கென்று வைத்தான். "ஒரே டப்பாதான் இருக்கு, நல்லா பாத்துக்கோ." இருபத்தாறு வருஷம் திட்டின மருந்தை அவள் கையால் அளந்தாள். தன் துப்பாக்கிக்குப் பழகாத மருந்து என்பதால் மருந்து அளவுப் புத்தகத்தில் போட்டிருந்த மிகக் குறைந்த அளவையே போட்டாள். ஐந்து குண்டும் காகிதத்தில் தங்களுக்குப் பிடித்த இடத்தில் போய் உட்கார்ந்தன. ஆர்டிஸ் ஒன்பதாவது இடம். பலகை அடித்த கை நடுங்கினதில் ஓரின் ஏழாவது. வயோமிங்கிலிருந்து வந்த யாரோ ஒருவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார், அவர் பெயர் இன்றைக்கு ஒருவருக்கும் நினைவில்லை.

அடுத்த ஜூனில் லைலின் ரோஜாக்கள் எல்லாம் பூத்தன. ஆர்டிஸின் செடி மட்டும் உரம் மிஞ்சி, முட்டைக்கோஸ் மாதிரி இலையாகத் தள்ளியது, மொட்டு ஒன்றுகூட இல்லை. ஓரின் வாரம் தவறாமல் வந்து குனிந்து பார்ப்பான்.

"பூவைக் காணோமே!"

"தலைக்கனம் பிடிச்ச செடி எப்படிப் பூக்கும்?" என்பாள் ஆர்டிஸ். "மெதுவா இறங்கட்டும்."

அந்த வருஷ வசந்த வகுப்புக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். ஆர்டிஸ் அவர்களை உட்கார விடாமல் நேரே பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளுத்த நீலப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"யாருங்க இது, ஆர்டிஸ் டெய்கன்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நான்தான்" என்றாள் ஆர்டிஸ். "வீட்டுல குழாயில மருந்தை வச்சுட்டு, அது என்னதுன்னு தெரியாம இங்க வந்து நிக்கிறது யாரு?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று பேர் கை தூக்கினார்கள்.